டயரில் 3 மி.மீ. மீதமிருக்கிறது: மழைக்கு முன் மாற்ற வேண்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆறு ஆண்டுகளாக ஓடும் சிறிய கார். ஓடோமீட்டர் 41,000 கி.மீ. காட்டுகிறது, டயர்கள் காருடன் வந்தவை, அளவு 185/65 ஆர் 15. வழக்கமாகக் காரைப் பார்க்கும் மெக்கானிக் டிரெட்டை (சாலையில் படும், பள்ளங்கள் வெட்டிய ரப்பர்ப் பகுதியை) அளந்துவிட்டு, 3 மி.மீ. இருக்கிறது, இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் தாராளமாக ஓடும் என்கிறார். டயர் கடைக்காரரோ ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நான்கையும் மாற்றிவிடுங்கள் என்கிறார். சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே வாரந்தோறும் குடும்பத்துடன் போய்வரும் நீங்கள், இருவரில் யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மெக்கானிக்கின் கணக்கில் பிழையில்லை. இந்த அளவு டயர் புதிதாக இருக்கும்போது டிரெட் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும். 41,000 கி.மீ. ஓட்டத்தில் 5 மி.மீ. தேய்ந்திருக்கிறது, அதாவது ஒரு மி.மீ. தேய 8,200 கி.மீ. ஆகியிருக்கிறது. கார் டயருக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை 1.6 மி.மீ. என்பதால், மீதமுள்ள 1.4 மி.மீ. தேய இன்னும் 11,000 கி.மீ.க்கு மேல் ஆகும். அவர் சொன்னது டயரின் ஆயுளைப் பற்றி. கடைக்காரர் சொன்னது, அதில் வியாபார ஆசை ஓரளவு கலந்திருந்தாலும், தேங்கிய தண்ணீரில் அந்த டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி. டிரெட்டின் ஆழமும் டயரின் பிடிமானமும் ஒன்றுதான் என்று நாம் எடுத்துக்கொள்வதால் இந்த இரண்டும் முரண்படுவதாகத் தோன்றுகிறது.

காய்ந்த தார்ச் சாலையில் பள்ளங்களால் பிடிமானம் கூடுவதில்லை. பந்தயக் கார்கள் வறண்ட ஓடுபாதையில் பள்ளமே இல்லாத வழவழப்பான டயர்களில்தான் ஓடுகின்றன. சாலையில் படும் ரப்பரின் பரப்பு அதிகமாக இருப்பதும், பள்ளங்களுக்கு இடையே நிற்கும் ரப்பர்க் கட்டைகள் வளைந்து நெளியாமல் இருப்பதும் அங்கே நன்மையே. நம் கார்களிலும் பாதி தேய்ந்த டயர் வறண்ட சாலையில் புது டயருக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ பிரேக் பிடிக்கும். எரிபொருள்கூடக் கொஞ்சம் மிச்சமாகும். சித்திரை, வைகாசி முழுவதும் தேய்ந்த டயரில் ஓட்டியவருக்கு ஒரு குறையும் தெரியாமல் போவதற்கு இதுவே காரணம். ‘நேற்று வரை நன்றாகத்தானே பிடித்தது’ என்று மழையில் காரை மோதிவிட்டு வருகிறவர்கள் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்வதில்லை. நேற்று வரை வெயில் அடித்தது, அவ்வளவுதான்.

ரப்பர் சாலையைப் பிடிப்பது இரண்டு வழிகளில். ஒன்று, ரப்பர் மூலக்கூறுகள் சாலைப் பரப்போடு நெருங்கி ஒட்டிப் பிரிவது. இதற்கு இடையில் எதுவும் இருக்கக் கூடாது, மெல்லிய நீர்ப்படலம்கூடக் கெடுத்துவிடும். மற்றொன்று, சாலையில் துருத்தி நிற்கும் சிறு ஜல்லி முனைகளைச் சுற்றி ரப்பர் அமுங்கி மறுபடி எழும்போது ஏற்படும் ஆற்றல் இழப்பு. இது ஈரத்திலும் வேலை செய்யும், ஆனால் ரப்பர் இளகியதாக இருந்து, ஜல்லி முனையைத் தொட்டால்தான். தொட வேண்டுமானால் நடுவில் நிற்கும் தண்ணீர் விலக வேண்டும். அந்தத் தண்ணீருக்கு வழிவிடுவதற்காகவே பள்ளங்கள் இருக்கின்றன. ஆகவே பள்ளத்தின் ஆழம் என்பது டயருக்குக் கையிருப்பில் உள்ள வடிகாலின் அளவு.

அந்த வடிகாலுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். நான்கு பேர் ஏறிய சிறிய காரின் எடை ஏறக்குறைய 1,300 கிலோ. ஒரு சக்கரத்துக்குச் சுமார் 325 கிலோ. காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ என்றால், டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய 140 சதுர சென்டிமீட்டர். விரல்களை விட்டுவிட்டுப் பார்த்தால் பெரிய ஆளின் உள்ளங்கையைவிடச் சற்றே அதிகம். நீளவாக்கில் அது 10 செ.மீ. இருக்கும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. எனவே டிரெட்டின் ஒரு புள்ளி சாலையைத் தொட்டு விலகுவதற்குள் கழியும் நேரம் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சாலையில் 3 மி.மீ. தண்ணீர் நின்றால், அந்த வேகத்தில் ஒவ்வொரு முன் டயரும் நொடிக்கு ஒரு குடத் தண்ணீரை, 12 லிட்டர் அளவுக்கு, வழியிலிருந்து அப்புறப்படுத்தியாக வேண்டும். ஒரு பங்கை முன்னும் பக்கமும் தள்ளிவிடும். மீதியைப் பள்ளங்கள் விழுங்கிப் பின்னால் உமிழும். பள்ளம் 8 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ. ஆகிவிட்டபோது விழுங்கும் திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆனால் தண்ணீர் குறையவில்லை.

விழுங்க முடியாத தண்ணீர் டயரின் முன் விளிம்பில் ஆப்பு போலத் திரண்டு, டயரைச் சாலையிலிருந்து தூக்கிவிடும். ஆங்கிலத்தில் ஹைட்ரோபிளேனிங் என்று சொல்வதை நாம் நீர்மிதப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தைச் சேர்ந்த வால்டர் ஹோர்ன், விமான டயர்கள் ஈர ஓடுபாதையில் வழுக்குவதை ஆராய்ந்து 1963-ல் வெளியிட்ட ஓர் எளிய சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மைலில் கிடைக்கும். 33 பி.எஸ்.ஐ.க்கு அது மணிக்கு ஏறக்குறைய 96 கி.மீ.; காற்று இறங்கி 25 பி.எஸ்.ஐ. ஆகிவிட்டால் 83 கி.மீ. டிரெட்டால் சமாளிக்க முடியாத அளவுக்குத் தண்ணீர் நிற்கும்போது இந்தக் கணக்கு பொருந்தும்; பள்ளம் ஆழமாக இருக்கிறவரை டயர் அந்த நிலையைத் தள்ளிப்போடுகிறது, தேய்ந்த டயரால் தள்ளிப்போட முடிவதில்லை. கார் டயர் விமான டயர் அல்ல என்பதால் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது காட்டும் இரண்டு செய்திகள் போதும்: நெடுஞ்சாலையில் நாம் சாதாரணமாகப் போகும் வேகத்திலேயே மிதப்பு நேரலாம், காற்று குறைந்த டயர் இன்னும் முன்னதாகவே மிதக்கும்.

மிதப்பு முழுமையாக நேராவிட்டாலும், பாதி மிதந்த டயரின் பிடிமானம் குறைவுதான். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில், உராய்வுக் கெழு (சாலைக்கும் டயருக்கும் உள்ள பிடிப்பைக் காட்டும் எண்) 0.8 உள்ள சாலையில் பிரேக் பிடித்த பின் கார் நிற்க 31, 32 மீட்டர் ஆகும், கெழு 0.4 ஆகிவிட்டால் 63 மீட்டர். ஓட்டுநர் சுதாரித்து மிதியை அழுத்துவதற்குள் ஒரு நொடியில் கடந்துவிடும் 22 மீட்டர் இரண்டு கணக்கிலும் தனி. இங்கே ஏ.பி.எஸ். (பிரேக் அழுத்தும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களில் அது கட்டாயம் என்பதால் உங்கள் காரிலும் இருக்கக்கூடும். ஆனால் ஏ.பி.எஸ். பிடிமானத்தை உண்டாக்குவதில்லை, இருக்கிற பிடிமானத்தை வீணாக்காமல் பார்த்துக்கொள்கிறது. டயருக்கும் சாலைக்கும் இடையே தண்ணீர் புகுந்துவிட்ட பிறகு அதன் கையில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். டயரின் பிடிமானம் ஒரே கைமுதல். பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் அதிலிருந்துதான் செலவு. நூற்றில் 80 பங்கைப் பிரேக்குக்குச் செலவழித்தால் திருப்பத்துக்கு 60 பங்கு மட்டுமே மிஞ்சும் (இது கழித்தல் கணக்கல்ல, செங்கோண முக்கோணத்தின் பக்கக் கணக்கு). ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை அழுத்தினால் கார் வெளிப்பக்கமாக நழுவுவது இதனால்தான். மழை நாளில் அந்த மொத்த முதலே பாதியாகியிருக்கும்.

இனி சோதிக்கும் முறைக்கு வருகிறேன். டயரின் முக்கியப் பள்ளங்களுக்குள், சுற்றளவில் சில இடங்களில், குறுக்கே சிறு ரப்பர்த் திட்டு ஒன்று இருக்கும். அதன் உயரம் 1.6 மி.மீ. அது எங்கே இருக்கிறது என்று காட்ட டயரின் தோள்பட்டையில் சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ பொறிக்கப்பட்டிருக்கும். சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து அந்தத் திட்டுடன் சமமாகிவிட்டால் டயர் சட்டப்படியே முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் திட்டு 1.6 மி.மீ.க்கு மட்டுமே சாட்சி, 3 மி.மீ.யை அது சொல்லாது. அமெரிக்கர்கள் ஒரு சென்ட் நாணயத்தைச் செருகி லிங்கனின் தலை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு நம் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகுவதில் பொருளில்லை. டிரெட் ஆழமானி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் வெர்னியர் காலிப்பரின் வால்பகுதி அதே வேலையைச் செய்யும். எதுவும் இல்லையென்றால், தீக்குச்சியின் அடியிலிருந்து 3 மி.மீ.யில் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டுப் பள்ளத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். கோடு மறையாவிட்டால் ஆழம் 3 மி.மீ. இல்லை என்று பொருள்.

அளக்கும்போது அகலமான நீளப் பள்ளங்களில் மட்டும் அளக்க வேண்டும்; கத்தியால் கீறியது போன்ற மெல்லிய பிளவுகள் தொடக்கத்திலேயே ஆழம் குறைந்தவை. அளவுமானியின் ஊசி அந்தத் திட்டின் மேல் உட்கார்ந்துவிட்டால் 1.6 மி.மீ. குறைவாகக் காட்டும், பள்ளத்தில் சிக்கிய கல்லின் மேல் உட்கார்ந்தாலும் தவறாகவே காட்டும். ஒவ்வொரு டயரிலும் வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடத்திலும், சக்கரத்தைச் சற்று உருட்டி மறுபடியும் அளந்து, கிடைத்ததில் மிகக் குறைந்த எண்ணைத்தான் அந்த டயரின் ஆழமாகக் கொள்ள வேண்டும். உங்கள் மெக்கானிக் எந்த இடத்தில் அளந்தார் என்று கேட்டீர்களா?

இதை அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் ‘டயர் இன்னும் புதிதுபோலவே இருக்கிறது’ என்று சொல்லிக் காரைக் கொண்டுவந்தார். நின்று பார்த்தால் உண்மைதான். வெளி ஓரத்தில் 5 மி.மீ. இருந்தது. ஸ்டீரிங்கை முழுவதும் ஒரு பக்கமாக ஒடித்துவிட்டுக் குனிந்து பார்த்தபோது, உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை; உள்ளேயிருக்கும் இரும்புக் கம்பி நூல் நூலாகப் பிரிந்து நின்றது. அந்த டயரில் அதற்கு முந்தைய வாரம்தான் அவர் திருச்சி போய் வந்திருந்தார். முன் சக்கரத்தின் உள் ஓரம் நின்று பார்க்கிறவர் கண்ணில் படாது. ஸ்டீரிங்கை ஒடித்தால் படும். இந்த ஒரு பழக்கம் ஆழமானியைவிட அதிகம் உதவும் என்பது என் கருத்து.

தேய்ந்த விதமும் ஒரு செய்தி சொல்லும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்து நடுவில் மிச்சமிருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வோ நேர்க்கோடோ கெட்டிருக்கிறது. டிரெட்டின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறையும் வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், எதிர்த்திசையில் ரம்பப் பல் போலக் கையைப் பிடித்தால், வீல் அலைன்மென்ட் கெட்டுப்போய்ச் சக்கரம் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடுகிறது. சக்கரம் போகும் திசையிலிருந்து அரை டிகிரி விலகியிருந்தாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 9 மீட்டர் அது தரையில் தேய்க்கப்படுகிறது. சுற்றளவில் அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்ஸிங்கையோ பார்க்க வேண்டும். இவற்றைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால், அதுவும் அதே வடிவில் தேயும்.

காற்றைப் பொறுத்தவரை ஒரு சொல்: ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் உங்கள் காருக்கு உரியது, டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் உச்ச அளவு அல்ல. கார் ஓடாமல் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் கூடுதலாகக் காட்டும் சில பி.எஸ்.ஐ.யை இறக்கிவிடக் கூடாது.

அடுத்தது வயது. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமலும் முதுமையடையும். வெயிலும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் அதைக் கெட்டிப்படுத்திவிடுகின்றன. கெட்டியான ரப்பர் ஜல்லி முனையைச் சுற்றி அமுங்குவதில்லை, எனவே ஈரத்தில் உதவ வேண்டிய அந்த இரண்டாவது வகைப் பிடிமானமும் குறைந்துபோகிறது. கட்டைவிரல் நகத்தால் டிரெட்டை அழுத்தினால் நல்ல ரப்பரில் சிறு தடம் விழுந்து மறையும்; மூப்படைந்ததில் நகம் மேசையில் பட்டது போல் நிற்கும். நாள் முழுவதும் வெயிலில் நிறுத்தப்படும் கார்களில் பக்கச் சுவரிலும் பள்ளத்தின் அடியிலும் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருப்பதையும் பார்க்கலாம். டயர் ஐந்தாண்டைத் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை கவனமாகச் சோதிக்கச் சொல்வதும், ஆழம் எவ்வளவு இருந்தாலும் பத்தாண்டுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதும் பல டயர் நிறுவனங்களின் அறிவுரை. நம் வெயிலுக்கு நான் ஆறு, ஏழோடு நிறுத்திவிடுவேன்.

3 மி.மீ.தான் மாற்ற வேண்டிய எல்லையா என்பதில் டயர் நிறுவனங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சில நிறுவனங்கள் 3 மி.மீ.யில் மாற்றச் சொல்கின்றன. மிஷ்லான் போன்ற நிறுவனம், நன்றாக வடிவமைத்த டயர் 1.6 மி.மீ. வரை பாதுகாப்பாகப் பிடிக்க வேண்டும், அதற்கு முன் தூக்கி எறிவது வீண் என்று வாதிடுகிறது. டயர்களைத் தேய்ந்த நிலையிலும் சோதிக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல், புதிதாக ஒப்புதலுக்கு வரும் கார் டயர் வகைகளுக்கு அந்தச் சோதனை நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் 2022-ல் அறிவிக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 142 தரத்தில் ஈரச் சாலைப் பிடிப்பும் சேர்ந்திருக்கிறது. ஆறாண்டுக்கு முன் உங்கள் காருடன் வந்த டயர் அதற்கு முந்தையது. அமெரிக்க முறைப்படி பக்கச் சுவரில் ‘டிராக்ஷன் ஏ’ என்று பொறித்திருப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம்: அது ஈரத் தரையில் நேராகப் போய் பிரேக் பிடிக்கும் சோதனை மட்டுமே, திருப்பத்தையும் நீர்மிதப்பையும் அது அளப்பதில்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், நீங்கள் ஊருக்குள் மட்டும் 40 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறவராக இருந்தால் மெக்கானிக் பக்கம் நின்றிருப்பேன். வடகிழக்குப் பருவமழையில் நெடுஞ்சாலை, குடும்பம், ஆறாண்டு ரப்பர், அதற்கும் மேல் 3 மி.மீ. என்பதால் கடைக்காரர் பக்கம் சாய்கிறேன். புரட்டாசி முடிவதற்குள் மாற்றுங்கள்.

கையில் இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், புதியவற்றைப் பின்பக்கம் போடச் சொல்லுங்கள். முன் சக்கரம்தான் இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குகிறது, அதனால் புதியது முன்னால்தான் போக வேண்டும் என்று கடையில் வாதிடுவார்கள். ஆனால் முன் டயர் மிதந்தால் கார் நேராகப் போகும், ஆக்ஸிலேட்டரை விட்டால் பெரும்பாலும் மீளும். பின் டயர் மிதந்தால் காரின் பின்பகுதி சுழன்று வரும், அதைச் சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது. பழைய கார் டயரில் கத்தியால் புதுப் பள்ளம் வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். லாரி, பேருந்து டயர்களில் அதற்கென்றே கூடுதல் ரப்பர் வைத்துச் செய்வார்கள். கார் டயரில் கத்தி நேராகக் கம்பிக்குத்தான் போகும்.

அதுவரை மழையில் ஓட்ட நேர்ந்தால் பின்கண்ணாடியில் உங்கள் சக்கரத் தடத்தைப் பாருங்கள். கருமையாக இரண்டு கோடு தெளிவாகத் தெரிந்தால் டயர் தண்ணீரை வெளியேற்றுகிறது. தடம் உடனுக்குடன் மூடிக்கொண்டால் வேகத்தைக் குறையுங்கள். ஸ்டீரிங் திடீரென்று லேசாகி, எஞ்சின் காரணமில்லாமல் உறுமினால் மிதப்பு தொடங்கிவிட்டது: ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டீரிங்கை நேராகப் பிடித்திருங்கள்.

புது டயர் போட்ட அன்றே மழையில் வேகம் எடுக்க வேண்டாம். அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகப் பூசிய பொருளின் எச்சம் மேற்பரப்பில் இருக்கும், முதல் 200, 300 கி.மீ. ஓட்டத்தில்தான் அது தேய்ந்து போகும். போட்ட கையோடு ஸ்டெப்னியையும் வெளியே எடுத்து அதன் தேதியையும் காற்றையும் பார்த்துவிடுங்கள். கழற்றிய நான்கின் வயதுதான் அதற்கும்.